பல சமூகத்தார் வாழும் கடற்கரை ஊரில் பூங்காச் சிற்பம் நிறுவுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலோர ஊர்ப் பூங்காவில், அங்கே வாழும் எல்லாரையும் சேர்த்துக் காட்டும் ஒரு சிற்பம் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பூங்காவில் கருங்கல்லும் எஃகும் சேர்ந்த ஒரு கரைவலைச் சிற்பத்தை (கரைவலை என்பது கரையில் நின்று இழுக்கும் மீன்வலை), முதல் பேச்சிலிருந்து கடைசித் திருகாணி வரை கூடவே நின்று முடித்தோம். அதன்பிறகு ராமநாதபுரம் கரையில் வேறு மூன்று குழுக்கள் இதே வேலையைத் தொடங்கியபோது போய்ப் பார்த்தேன். மூன்று குழுவும் ஒரே இடத்தில் இடறின. முதலில் சிற்பியிடம் போனார்கள். படம் வரைந்தாயிற்று, முன்பணமும் கொடுத்தாயிற்று, அப்புறம்தான் இடம் யாருடையது என்று கேட்டார்கள்.

இந்த வேலையில் வரிசை தப்பினால் பணம் மட்டும் போவதில்லை, ஊருக்குள் மனத்தாங்கலும் மிஞ்சும். அதனால் கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள். ஒன்று மட்டும் விலக்கு: 9-ல் சொல்லும் பட்டறை வேலை, 8-ல் சொல்லும் அடித்தளத்துக்கு முன்பே முடிய வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐந்து பேர் போதும். நிலக் காகிதம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், கட்டடப் பொறியாளர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், கடல் தொழிலில் இருப்பவர் ஒருவர், எல்லாத் தெருவுக்குள்ளும் உரிமையோடு போய்வரக்கூடிய ஒரு பெண். கடைசியில் சொன்னவர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஆண்கள் மட்டும் போனால் பாதி வீடுகளில் திண்ணையோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒன்றேகால் வருடம் ஒதுக்குங்கள். எங்கள் அனுபவத்தில் சரியாக அமைந்த நாட்காட்டி இது: தை, மாசியில் இடத்தின் காகிதங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஊர்ப்பேச்சு. ஜூலை முதல் செப்டம்பர் வரை கருவும் மாதிரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பட்டறை வேலை. ஜனவரியில் அடித்தளம், மார்ச்சில் நிறுத்துவது.

இதற்குக் காரணம் இருக்கிறது. அந்த 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், நிதானமாகப் பேசலாம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை. மணலைத் தோண்டினால் குழியில் தண்ணீர் நிற்கும், ஆனால் கூரைக்குக் கீழே கல் கொத்தத் தடையில்லை.

2. இடத்தின் காகிதம்

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் புல எண்ணை (சர்வே எண்) கேளுங்கள். ஊர் நிலங்களின் கணக்கான அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். புல வரைபடத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 'பூங்கா' என்று ஊரே சொல்லும் இடம் பதிவேட்டில் வேறாக இருக்கலாம்.

மனைப்பிரிவில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடமாக இருந்தால், அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்களா என்று பாருங்கள். ஒதுக்கியதோடு நின்றுபோன இடங்கள் உண்டு. ஒரு குழு பீடம் கட்டிய பிறகு பழைய உரிமையாளரின் வாரிசு வந்து நின்றார். பீடத்தை இடித்தார்கள்.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் இவற்றின் நிலம் வேண்டாம். அவர்கள் மனமுவந்து கொடுத்தாலும் வேண்டாம். எல்லாருக்குமான சிற்பம் ஒருவருடைய வாசலில் நின்றால் மற்றவர்கள் விருந்தாளிகளாகிவிடுவார்கள்.

சாலையோரமும் நடைபாதையும் ஆகாது. பொதுச்சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டிருக்கிறது. பூங்காவுக்கு உள்ளே, மதிலிலிருந்து தள்ளியே இடம் பாருங்கள்.

அடுத்து, கடல். கடல் ஏறி வரும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வரும். உங்கள் பூங்கா அதற்குள் இருக்கிறதா, இருந்தால் எந்த வகைக்குள் வருகிறது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை பதிலுக்கு மதிப்பில்லை.

கடைசியாக மன்றத் தீர்மானம். ராமேசுவரம், கீழக்கரை போன்ற நகராட்சி என்றால் ஆணையர் வழியாகவும், மண்டபம், தொண்டி போன்ற பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் வழியாகவும், ஊராட்சி என்றால் ஊராட்சி அலுவலகம் வழியாகவும் மனு போக வேண்டும். தீர்மானத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: புல எண், வரைபடத்தில் குறித்த சரியான இடம், பிற்காலப் பராமரிப்பு யார் பொறுப்பு, மின்கட்டணம் யார் தலையில். "செய்யுங்க, பார்த்துக்கலாம்" என்று சொன்ன அதிகாரி மூன்று மாதத்தில் மாறிப்போவார். அடுத்து வருபவர் காகிதத்தைத்தான் கேட்பார்.

3. ஊரோடு பேசுவது

தீர்மானம் கைக்கு வந்த பிறகு ஊருக்குள் இறங்குங்கள். சிற்பியையும் அழைத்துப் போகலாம், ஆனால் அவர் கையில் பென்சில் இருக்கக்கூடாது. ஒரு படத்தைக் காட்டிவிட்டால் பேச்சு அந்தப் படத்தைச் சுற்றியே நடக்கும். சொல்ல வந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள்.

மண்டபத்தில் எல்லாரையும் கூட்டி மைக் கொடுப்பதை முதலில் செய்யாதீர்கள். மைக்கைப் பிடிப்பவர் எப்போதும் பிடிப்பவர்தான். அவரவர் இருக்கும் இடத்துக்குப் போய் உட்காருங்கள்: வலை பின்னும் கொட்டகை, மீன் ஏலம் போடும் கரை, பாசி எடுக்கும் பெண்கள் கரையேறும் இடம், மகளிர் சுயஉதவிக் குழு கூடும் வீடு, டீக்கடை பெஞ்சு. வெள்ளிக்கிழமை நண்பகலும் ஞாயிறு காலையும் வேண்டாம். நோன்பு மாதத்தில் மாலை வேண்டாம். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும். வல்லத்துக்காரர்களிடம் அவர்கள் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேட்கும் கேள்விதான் முக்கியம். "உங்கள் சமூகத்தின் அடையாளம் என்ன?" என்று கேட்டால் கொடியும் சின்னமும் பதிலாக வரும். நாங்கள் முதல் இரண்டு வாரம் இப்படித்தான் கேட்டு வீணாக்கினோம். பிறகு இரண்டு கேள்விகளாக மாற்றிக்கொண்டோம்.

ஒன்று: "தாத்தா காலத்துச் சாமான் எது இன்னும் உங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது?"

இரண்டு: "எந்தக் காரியத்துக்கு எந்தத் தெருவுக்குப் போவீர்கள்?"

இரண்டாவது கேள்விக்கு ஊர் தானாக விரிந்தது. வல்லம் பழுது பார்க்க ஒரு தெரு, கயிறு வாங்க ஒரு தெரு, பிள்ளைக்குப் பயந்த கோளாறு என்றால் ஓதி ஊத ஒரு வீடு, கருவாடு போடப் பனையோலைப் பெட்டிக்கு வேறொரு குடியிருப்பு, சங்கை விலை பேசக் கீழக்கரை. ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா பற்றிக் கேட்டால் எல்லாத் தெருவிலும் "நாங்களும் போவோம்" என்றார்கள். யாரும் 'பன்முகத்தன்மை' என்ற சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு ஓடாது என்பதை ஒவ்வொருவரும் தன் வாயால் சொன்னார்கள். சிற்பத்துக்கு வேண்டிய சரக்கு அதுதான்.

சொன்னதைச் சொன்னபடியே நோட்டில் எழுதுங்கள். 'சம்மாட்டி' என்றால் சம்மாட்டி, அதை 'வலை உரிமையாளர்' என்று திருத்தாதீர்கள். பிறகு பலகை எழுதும்போது இந்த நோட்டு உதவும்.

யாரை விட்டுவிட்டோம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். வழக்கமாக விடுபடுகிறவர்கள்: மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள், வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்பவர்கள், பனையேறிகள், கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர்கள். நாங்கள் பனையேறிகள் குடியிருப்புக்குப் போகாமலேயே கருவை முடிவு செய்துவிட்டோம். முழு அளவுத் துணி மாதிரி நின்ற நாளில் ஒரு பெரியவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க பனை எங்கப்பா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசி, வலையின் மிதப்புக் கட்டைகளுக்குப் பனை நாரின் முறுக்கைக் கொடுத்து வடிவத்தை மாற்றினோம். மாதிரி நிலையில் இருந்ததால் மாற்ற முடிந்தது. கல்லில் வந்த பிறகு கேட்டிருந்தால் முடிந்திருக்காது.

4. கருவை முடிவு செய்வது

கோபுரம், மினார், சிலுவை மூன்றையும் ஒரு தூணில் வைக்கலாம் என்று முதல் நாளே யாராவது சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். வேண்டாம் என்று பொறுமையாக விளக்குங்கள். எது நடுவில், எது உயரம் என்ற கேள்வி உடனே வரும். அந்த மூன்றுக்குள் அடங்காத வழிபாடும் வாழ்வும் வெளியே நிற்கும். அதோடு, அந்த மூன்றும் சேர்ந்த படத்தை மக்கள் சுவரொட்டிகளில் ஆயிரம் முறை பார்த்துவிட்டார்கள். ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மனித முகமும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முகம் வந்தால் அது யாருடைய முகம், எந்தத் தெருக்காரர் என்ற கேள்வி வரும். உருவச்சிலை சிலருடைய நம்பிக்கைக்கு ஒத்துவராது. மாலை போடத் தொடங்கினால் வேறொன்றாகிவிடும். கை வரலாம். கயிற்றைப் பிடித்த கைக்குச் சாதி தெரியாது.

வேலைப் பொருளை எடுங்கள். எங்களுக்குக் கரைவலை வந்தது இப்படித்தான். வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். ஒரு பக்கம் தளர்ந்தால் வலை கோணிவிடும். இரண்டு கருங்கல் திண்டுகள், ஒவ்வொன்றிலும் கயிறு பிடித்த கைகள், நடுவில் எஃகுக் கயிறுகளும் வலையின் வளைவும். அவ்வளவுதான் எங்கள் சிற்பம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று இழுப்பதுபோல் விளையாடுகிறார்கள்.

இந்தக் கரையில் இதுபோல் இன்னும் பல உண்டு. சங்கு ஒன்று. கடலில் மூழ்கி எடுப்பவர் ஒருவர், விலை பேசும் வியாபாரி ஒருவர், அது வளையலாகிப் போய்ச் சேர்வது வங்காளத்து மணப்பெண் கைக்கு. சுக்கான் இன்னொன்று. 'சுக்கான்', 'மாலுமி' இரண்டும் அரபியிலிருந்து வந்த சொற்கள். வீட்டில் புழங்கும் 'சாவி', 'மேசை', 'சன்னல்' போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. ஒரு பெரிய கல் சுக்கானில் இப்படி வந்து சேர்ந்த சொற்களை வெட்டி வைத்தால், படிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். வல்லத்தின் வங்குக்கால்களை (படகின் உள்ளே விலா எலும்புபோல் வளைந்து நிற்கும் கட்டைகளை) மட்டும் நிறுத்தி, உள்ளே உட்கார இடம் விடுவதும் நல்ல கரு.

அழகன்குளத்தில் ரோமானியக் காசும் பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகளும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. இவற்றைப் பீடத்தில் சின்னப் புடைப்பாக வைக்கலாம். மையக் கருவாக்காதீர்கள். பழம்பெருமை நடுவில் வந்தால் இன்று உயிரோடு இருக்கிறவர்கள் ஓரத்துக்குப் போய்விடுவார்கள்.

கரு சரியா என்று பார்க்க ஒரு வழி: பேச்சில் கலந்துகொண்ட பத்துப் பேரிடம் கருவின் பெயரை மட்டும் சொல்லுங்கள். பத்துப் பேரும் அதில் தங்கள் வேலை எது என்று சொல்ல முடிந்தால் போதும்.

5. பொருள்: உப்புக்காற்றைத் தாங்குவது எது

இந்தப் படியில்தான் வெளியூர்ச் சிற்பிகள் தவறுகிறார்கள். மதுரையில் இருபது வருடம் நிற்கும் பொருள் பாம்பனில் நிற்காது. உலோகங்கள் கடல்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று பார்க்கக் காரைக்குடி மைய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்திலேயே சோதனை நிலையம் வைத்திருக்கிறது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், முழுக்கப் பற்றவைத்த இணைப்புகளையும், பாலிசிலாக்சேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சையும் போட்டதன் காரணமும் இந்தக் காற்றுதான்.

என் முதல் தேர்வு கருங்கல். நெருக்கமான கல், உப்பு உள்ளே இறங்காது. மணற்கல், சுண்ணாம்புக்கல் வேண்டாம். நுண்துளைகளில் உப்பு படிந்து, காய்ந்து, பருத்துப் பொருக்கு பொருக்காக உதிரும். கருங்கல்லுக்கு எடை மட்டும்தான் கவலை. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன்.

எஃகு வேண்டுமென்றால் 316 வகை துருப்பிடிக்காத எஃகு. கடையில் எளிதாகக் கிடைக்கும் 304 இங்கே சில மாதங்களில் டீ சிந்தியதுபோலக் கறை பிடிக்கும், பிறகு புள்ளி புள்ளியாகக் குழி விழும். 316-ல் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். கண்ணால் பார்த்தோ காந்தம் வைத்தோ இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், மாலிப்டினம் சோதனைத் திரவத்தை ஒரு துளி விட்டும் பாருங்கள். எங்களுக்கு 316 என்று பில் போட்டு 304-ஐ இறக்கினார்கள். துளியில் தெரிந்தது, திருப்பி அனுப்பினோம்.

சாதாரண இரும்பை எஃகோடு சேர்க்காதீர்கள். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டமான உலோகம் வேகமாகக் கரையும். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாமே 316 ஆக இருக்கட்டும். பட்டறையில் இரும்பு அரைக்கும் பொறி எஃகின்மேல் தெறித்தால் அந்த இடத்திலிருந்தும் துரு தொடங்கும். அதனால் தனி மூலையில் வேலை செய்யச் சொல்லுங்கள்.

வெண்கலம் அழகு. ஆனால் உப்பில் பச்சைப் பொடி பூக்கும், வருடாவருடம் மெழுகு பூச வேண்டும், திருட்டு பயமும் உண்டு. ஊராட்சிப் பூங்காவுக்கு நான் சொல்ல மாட்டேன். கண்ணாடியிழைச் சிற்பம் விலை குறைவு. இந்த வெயிலில் நிறம் வெளுத்து, இழை வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். அதில் பணம் போட வேண்டாம்.

பவளக்கல்லைப் பதிக்கலாமே, நம் ஊர்ப் பழைய வீடுகளில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்பார். கூடாது. பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கியதை எடுத்தாலும் வழக்கு வரும். சிப்பி, சங்கு வகைகளிலும் சட்டப் பாதுகாப்புள்ளவை இருக்கின்றன. ஆகவே உண்மையான கடல் பொருள் எதையும் பதிக்காமல் கல்லில் செதுக்குங்கள்.

6. முழு அளவுத் துணி மாதிரி

பத்தில் ஒரு பங்கு அளவில் சிற்பி செய்து தரும் களிமண் மாதிரியோடு நின்றுவிடாதீர்கள். சவுக்குக் கம்பு, சாக்குத்துணி, கயிறு கொண்டு முழு அளவில் அதே இடத்தில் கட்டி மூன்று நாள் நிறுத்துங்கள். அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். காற்றுக்கு இழுத்துக் கட்ட மறக்க வேண்டாம்.

மேசையில் பார்க்கும்போது எல்லாமே கம்பீரமாகத்தான் இருக்கும். இடத்தில் நின்றால்தான் குறை தெரியும். எங்கள் முதல் வடிவம் பூங்கா வாசலுக்கு முதுகு காட்டியது. ஆடுகள் நிழலுக்கு எங்கே படுக்கின்றன, பிள்ளைகள் எதைப் பிடித்து ஏறுகிறார்கள், மாலை வெயில் எங்கே விழுகிறது என்று உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் ஏறத்தான் செய்வார்கள். தடுக்க முயலாமல் அதற்கேற்றபடி வடிவமைப்பதே நல்லது. 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளி எதுவும் இருக்கக்கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. எங்கள் வலைக் கண்களை 8 செ.மீ.யாகக் குறைத்தது இதற்காகத்தான். கை தொடும் இடத்தில் எஃகுக்குப் பதில் கல் வரட்டும், சித்திரை வெயிலில் எஃகு சுட்டுவிடும்.

பீடத்தின் மேல்பரப்பைத் தட்டையாக விடாதீர்கள். தண்ணீர் தேங்கும், மீனும் மிளகாயும் காயப் போடுவார்கள். லேசான சரிவு கொடுங்கள். காயப் போட இடமில்லாமல்தான் அங்கே போடுகிறார்கள் என்றால் பக்கத்தில் ஒரு தனித் திண்டு கட்டிக்கொடுங்கள். நாங்கள் கட்டினோம், சண்டையே வரவில்லை.

7. பணமும் ஒப்பந்தமும்

மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் சிற்பத்துக்கென்று ஒதுக்காதீர்கள். அடித்தளம், லாரி, கிரேன், பாதை, விளக்கு, பலகை, பத்து வருடப் பராமரிப்பு எல்லாம் மீதியில் அடங்க வேண்டும்.

சிற்பிக்குத் தவணையாகக் கொடுங்கள்: முன்பணம் 20 சதவீதம், வடிவம் எழும்பியதும் 30, பட்டறையில் முடிந்ததும் 30, நிறுத்தியதும் 10, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு கடைசி 10. அந்தக் கடைசிப் பத்து கையில் இருந்தால்தான் கறை பிடித்ததைத் திருத்த ஆள் வருவார்.

தடைக்காலத்தில் நன்கொடை கேட்காதீர்கள். பேச வீட்டுக்குப் போகும் அதே நாட்களில் வருமானமும் இருக்காது. வரவு செலவை மாதாமாதம் எழுதி டீக்கடையில் ஒட்டுங்கள்.

8. அடித்தளம்

மண் பரிசோதனை செய்யாமல் தோண்ட வேண்டாம். கடலோர மணலில் ஓரடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. எடையையும் புயல்காற்றின் தள்ளுதலையும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரட்டும். வலைபோல் ஓட்டையுள்ள வடிவமும் காற்றை வாங்கும்.

கான்கிரீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்வதைப் பின்பற்றுங்கள். கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 கலவை, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல், மண்ணுக்குள் இருக்கும் அடித்தளத்துக்குக் குறைந்தது 50 மி.மீ. அலைச்சாரல் படும் இடமென்றால் எம்35, 50 மி.மீ. இந்த மூடல்தான் கம்பியின் ஆயுள். கம்பிக்கு அடியில் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுக்க விடாதீர்கள். அதே கலவையில் செய்த கவர் பிளாக் வையுங்கள். கட்டுக்கம்பியின் நுனிகளை உள்பக்கமாக மடக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிய ஒரு நுனியில் ஏறும் துரு உள்ளே வரை போகும்.

தண்ணீர்தான் இங்கே பெரிய சிக்கல். பக்கத்துப் போரில் வரும் தண்ணீர் வாயில் உப்புக் கரித்தால் அது கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஆகாது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது. சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் நல்ல தண்ணீர் லாரி வாங்குங்கள். நனைத்து ஊறவைக்கவும் அதே நல்ல தண்ணீர்தான். அந்தச் செலவை மிச்சப்படுத்தப் போர்த் தண்ணீரைத் தெளித்த ஒரு பீடம் மூன்றாம் வருடமே வெடித்தது. கடல் மணல் கலக்கவே கூடாது. 14 நாள் விடாமல் நனையுங்கள், 28 நாள் கழித்து எடை ஏற்றுங்கள்.

9. பட்டறையில் மூன்று முறை

வடிவம் எழும்பியதும் ஒரு முறை, மெருகுக்கு முன் ஒரு முறை, லாரியில் ஏற்றும் முன் ஒரு முறை போய்ப் பாருங்கள். முதல் முறை கரைத் தொழிலாளர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். எங்கள் சிற்பத்தில் கைகள் கயிற்றைப் பிடித்த விதம் தவறு என்று கரைவலை இழுப்பவர்தான் கண்டுபிடித்தார். கட்டைவிரல் இருக்கும் பக்கம் மாறியிருந்தது.

எஃகுக் குழாய்களின் தாழ்ந்த இடங்களில் வடிதுளை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தேங்கும் உப்பு ஈரம் வெளியே தெரியாமல் அரிக்கும். போல்ட்டுத் துளைகளை ஒரு பிளைவுட் பலகையில் அப்படியே குறித்து எடுத்துவந்து, அந்தப் பலகையை வைத்தே பீடத்தில் போல்ட்டுகளைப் பதியுங்கள். அதனால் பட்டறையில் இறுதி அளவு முடியாமல் பீடத்துக்குக் கான்கிரீட் ஊற்ற வேண்டாம்.

10. நிறுத்தும் நாள்

தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஆனி, ஆடியில் காற்று ஓயாது. வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் வாடை அடிக்கும் மாதங்கள் ஆகாது. பங்குனி இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். காலையில் சீக்கிரம் தொடங்குங்கள், வெயில் ஏற ஏற கடல்காற்று எழும்பும்.

முந்தின நாளே கிரேன் ஓட்டுநரைக் கூட்டிவந்து பூங்கா வாசலின் அகலம், மேலே போகும் மின்கம்பி, மணலில் கால் ஊன்ற இரும்புத் தட்டு எல்லாவற்றையும் காட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்தி வைக்க முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கல்லைக் கம்பிவடத்தால் தூக்க வேண்டாம், விளிம்பு உதிரும். அகல நாடாவால் தூக்குங்கள்.

11. பலகை

சிற்பம் நின்று ஒரு மாதம் கழித்துப் பலகை வையுங்கள். மக்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். நாங்கள் வைத்த பெயர் வேறு. ஊர் 'இழுவை' என்றது, அதையே வெட்டினோம்.

கல்லில் வெட்டுங்கள், பெயிண்ட் வேண்டாம். நோட்டில் எழுதிய ஊர்ச் சொற்களே வரட்டும், நாலைந்து வரி போதும். நன்கொடையாளர் பெயர் வரிசை, தலைவர் பெயர் எதுவும் இந்தக் கல்லில் வேண்டாம். வேண்டுமென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு பலகை வைக்கலாம். அரபுத்தமிழில் (அரபி எழுத்தில் எழுதும் தமிழ்) ஒரு வரி சேர்த்தால், அதை இன்றும் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் வெட்டும் முன்பும் பின்பும் பார்க்க வேண்டும். பிரெய்ல் வரி இருந்தால் கை எட்டும் உயரத்தில், சரிந்த பரப்பில் வையுங்கள். பார்வையற்ற ஒருவரைத் தொட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

12. திறப்புக்குப் பிறகு

மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எஃகைச் சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து அலசினால் போதும். பிளீச்சிங் பவுடர், ஆசிட், இரும்பு நார் மூன்றும் தொடக்கூடாது. பிளீச்சிங்கில் இருக்கும் குளோரின் எஃகுக்குக் கடல் உப்பைவிட மோசம். பூங்காவில் கழிப்பறை கழுவும் அதே வாளியோடு சிற்பத்தைக் கழுவ வருவார்கள், கவனியுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் தை மாதம் ஒரு முறை போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்து, வடிதுளைகளைக் கம்பி விட்டுக் குத்தி, கான்கிரீட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசலைச் சாக்பீஸால் குறித்துத் தேதி எழுதுங்கள். அடுத்த தையில் நீண்டிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இதற்கென்று ஒரு நோட்டு வேண்டும். எங்கள் நோட்டு வாசலுக்கு எதிரில் இருக்கும் சைக்கிள் கடையில் இருக்கிறது. கழுவுகிறவர் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கிறார். மாதம் ஒரு தெரு என்று முறை வைத்திருக்கிறோம். இந்த மாதம் பனையேறிகள் குடியிருப்பின் முறை.